பெயிண்ட் பக்கெட்டில் ஒரு கால்

கெங்கம்மாளுக்குக் கோபம் வந்தால் நூம்பலில் அவள் தெருவே கதவைச் சாத்திக்கொள்ளும். அவள் புருஷன் எத்திராஜ், மீன் பெட்டி கட்டிய டிவிஎஸ் வண்டியைத் தெருமுனையிலேயே நிறுத்தி, "இன்னா, எங்க ஊட்டாண்ட இன்னிக்கி வெயில் ஜாஸ்தியா?" என்று பக்கத்து வீட்டுக் குப்பம்மாவிடம் விசாரித்துவிட்டுத்தான் வாசலை மிதிப்பான். அப்பேர்ப்பட்டவளுக்கு, வந்தே ஆகவேண்டிய ஒரு நேரத்தில் கோபம் வரவில்லை. ஈ என்று இளித்தாள். "பரவால்ல பாப்பா, இதுல இன்னா கீது" என்று வேறு சொல்லித் தொலைத்தாள். ஊரை நினைத்து எரிவதைவிட, அந்தச் சிரிப்பை நினைத்துத்தான் அவளுக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது.

நடந்ததைக் கேளுங்கள். கேட்டால் உங்களுக்கும் எரியும்.

கெங்கம்மாள் நாற்பதைத் தாண்டியவள். நூம்பலிலேயே பிறந்து, நூம்பலிலேயே வாக்கப்பட்டவள். மகளைத் திருவள்ளூர்ப் பக்கம் கட்டிக்கொடுத்தாகிவிட்டது. அவள் அப்பா குத்தகைக்குக் கத்தரி போட்ட நிலத்தில் இப்போது ஐந்து மாடிக்கு ஃப்ளாட் நிற்கிறது. அதே ஃப்ளாட்டில் மூன்று வீட்டில் பெருக்கித் துடைத்துப் பாத்திரம் தேய்க்கிறாள். அதற்காக அவள் ஒருநாளும் மூக்கைச் சிந்தியதில்லை. வேலை வேலைதானே.

அந்த மூன்று வீட்டில் ஒன்று பவ்யாவுடையது. திருப்பூர்ப் பெண். ஐடி கம்பெனி வேலை. பாதி நாள் வீட்டிலேயே மடியில் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் ஃப்ளாட் ஆட்கள் கொஞ்சம் பேர் சேர்ந்து மாங்காடு ரோட்டில் ஓடப் போவார்கள். அந்தக் கூட்டத்துக்குத் தலைவன் சரவணக்குமார். சேலத்துக்காரன், பேச்சில் தேன் ஒழுகும்.

கெங்கம்மாள் ஓட ஆரம்பித்தது ஆரோக்கியத்துக்காக இல்லை, சாவிக்காக. ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு வந்து பார்த்தால் பவ்யா வீடு பூட்டிக் கிடக்கிறது. சாவியை வழக்கமாக வைக்கிற இடத்தில் வைக்க மறந்து, இடுப்புப் பையில் போட்டுக்கொண்டு ஓடப் போய்விட்டாள். கெங்கம்மாளுக்கு அடுத்த வீட்டுக்குப் போகிற அவசரம். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பின்னாலேயே ஓடினாள். மாங்காட்டுக்குப் பாதி வழியில் கூட்டத்தைப் பிடித்து, தாண்டி, முன்னால் போய்த் திரும்பி நின்று, "சாவியக் குட்த்துட்டு எங்க வேணா ஓடு பாப்பா!" என்று கத்தினாள். எல்லோரும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்குகிறார்கள். இவளுக்குத் திட்டுவதற்கு மூச்சு மிச்சம் இருந்தது.

அன்றைக்கே சரவணக்குமார், "அக்கா, நீங்க எங்க டீம்" என்றான். பவ்யா தன் பழைய ஷூவைக் கொடுத்தாள். ஒரு அளவு பெரிசு. இரண்டு சாக்ஸ் போட்டு இறுக்கிக் கட்டினாள். மகள் விட்டுப்போன சுடிதாரை மாட்டிக்கொண்டாள். அடுத்த வாரம் முதல் ஞாயிற்றுக்கிழமை தவறியதில்லை.

அவளுக்கு ஓட்டத்தில் என்ன பிடித்தது தெரியுமா? ஓடுகிற நேரத்தில் யாரும் அவளைக் கூப்பிட்டு அதை எடு, இதை வை என்று சொல்ல முடியாது. அவ்வளவுதான். அது அவளுடைய நேரம். செம்பரம்பாக்கம் ஏரிப் பக்கமாக ஓடும்போது காற்று முகத்தில் அடிக்கும். "எத்தினி வருசமா கீறேன் இந்த ஊர்ல, இந்தக் காத்து எங்க இருந்திச்சோ" என்று எத்திராஜிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவாள்.

ஆனால் தூரம் கூடக் கூட, திங்கட்கிழமை அவளைப் பழிவாங்கியது. ஆடுசதை கல்லாக இறுகிக்கொள்ளும். குத்துக்காலிட்டு உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது. பவ்யாவுக்குக் கால் வலித்தால் சோபாவில் நீட்டிக்கொண்டு வேலை பார்க்கலாம். கெங்கம்மாள் மூன்று வீட்டுத் தரையை எதில் நீட்டிக்கொண்டு துடைப்பாள்? நொச்சித்தழை போட்டு வெந்நீர் ஊற்றிப் பார்த்தாள். தைலம் தேய்த்துப் பார்த்தாள். ஒரு திங்கட்கிழமை மாடிப்படியில் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினாள்.

"வுட்டுடு மே இந்த ஓட்டத்த. உனுக்கு இன்னா மெடலா குத்தப் போறாங்க?" என்றான் எத்திராஜ்.

"மெடலுக்கா ஓட்றேன்? போய்யா" என்றாள். ஆனால் உள்ளுக்குள் பயந்துவிட்டாள். வேலையா, ஓட்டமா என்று வந்தால் எதை விடவேண்டியிருக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

அந்தச் சமயத்தில்தான் சரவணக்குமார் எங்கேயோ பார்த்துவிட்டு வந்து, நெடுந்தூரம் ஓடுகிறவர்கள் ஓடி முடித்ததும் ஐஸ் தண்ணீரில் இடுப்புவரை உட்காரவேண்டும், வீக்கமும் வலியும் இறங்கும் என்றான். பத்து நிமிஷம் போதும், அதற்குமேல் ஆகாது என்றான். குழந்தைகள் விளையாடுகிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு பெரிய நீலத் தொட்டி வந்து இறங்கியது. ஐந்தாறு பேர் வட்டமாக உட்காரலாம். தொட்டி வந்துவிட்டது, ஐஸுக்கு எங்கே போவது? எல்லோரும் கெங்கம்மாளைப் பார்த்தார்கள். மீன்காரன் பெண்டாட்டி ஆயிற்றே.

ஞாயிறு விடிவதற்குள் எத்திராஜ் ஐஸ் கம்பெனியில் பாளமாக வாங்கி, சாக்கில் சுற்றி, அதே டிவிஎஸ்ஸில் கொண்டுவந்து இறக்குவான். ஓடி முடித்து வந்ததும் மற்றவர்கள் உடம்பை வளைத்து நீட்டிக்கொண்டிருக்க, கெங்கம்மாள் சாக்கோடு வைத்துக் கட்டையால் போட்டு உடைத்துத் தொட்டியில் கொட்டுவாள்.

முதல் வாரம் கொட்டிவிட்டு, சாக்ஸைக் கழற்றி, காலைக் கழுவிவிட்டு, மற்றவர்களோடு அவளும் இறங்கினாள். யாரையும் கேட்கவில்லை. கேட்கவேண்டும் என்றே தோன்றவில்லை. "ஐயோ, எம்மாடி!" என்று அவள் போட்ட கூச்சலில் மூன்றாவது மாடி ஜன்னல் திறந்தது. எறும்புப் புற்றில் காலை வைத்தமாதிரி சுரீரென்று குத்தியது. கொஞ்ச நேரத்தில் குத்தல் போய், மரத்து, கால் இருக்கிறதா என்றே தெரியவில்லை. மறுநாள் திங்கட்கிழமை மூன்று வீட்டுத் தரையையும் குத்துக்காலிட்டே துடைத்தாள். குப்பம்மாவிடம் போய், "ஐஸுல ஒக்காந்தேன்டி, கால் பஞ்சா கீது!" என்று காலைத் தூக்கித் தூக்கிக் காட்டினாள். குப்பம்மா, "ஜன்னி வந்து சாவப் போற" என்றாள்.

மற்றவர்களுக்கு அந்தத் தொட்டி ஒரு சொகுசு. கெங்கம்மாளுக்கு அது இருந்தால் ஓடலாம், இல்லையென்றால் ஓட முடியாது. வித்தியாசம் அவ்வளவு பெரியது.

இரண்டாவது வாரம் அவள் இறங்கியதும் இரண்டு பேர் எழுந்து போனார்கள். குளிர் தாங்கவில்லை போலிருக்கிறது, பாவம் என்று நினைத்துக்கொண்டாள் இந்தப் பைத்தியக்காரி.

மூன்றாவது வாரம் ஓடிவிட்டு வந்து, ஐஸை உடைத்துத் தொட்டியில் கொட்டி, சாக்ஸைக் கழற்றினாள். பவ்யா வந்து தோளில் கை வைத்தாள்.

"அக்கா, உங்களுக்குன்னு தனியா ஒண்ணு வெச்சிருக்கோம். ஃப்ரீயா உட்காரலாம், யாரும் இடிக்க மாட்டாங்க."

மோட்டார் ரூம் பக்கத்தில், வேலைக்காரர்கள் ஏறுகிற லிஃப்டுக்கு எதிரே, ஒரு பெயிண்ட் பக்கெட் இருந்தது. சுவருக்கு அடித்தது போக மிஞ்சிய வெள்ளை அதன் விளிம்பில் காய்ந்து ஒட்டியிருந்தது. அதில் பாதி தண்ணீர். ஒரு கால்தான் நுழையும்.

அங்கேதான் அவள் சிரித்தாள். கால் வலி உயிர் போயிற்று. எதிரே நிற்பது ஷூ கொடுத்த பெண். "பரவால்ல பாப்பா" என்றாள். தான் உடைத்த ஐஸில் இரண்டு கை அள்ளிவந்து போட்டுக்கொண்டு, சுவரைப் பிடித்தபடி ஒரு காலை உள்ளே விட்டு, கொக்குமாதிரி நின்றாள். பிறகு அந்தக் காலை எடுத்துவிட்டு மற்றக் கால். லிஃப்டில் வந்து இறங்கிய குப்பை அள்ளுகிற பெண் அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனாள். அந்தப் பக்கம் தொட்டியில் கும்மாளமும் சிரிப்புமாக இருந்தது.

கோபம் வந்தது கேட்டைத் தாண்டிய பிறகுதான். முதலில் காது சுட்டது. தெருவுக்குள் நுழையும்போது கண் எரிந்தது. வீட்டு வாசலில் இருந்த தன் பக்கெட்டை எட்டி ஓர் உதை விட்டாள் பாருங்கள், அது உருண்டுபோய்க் குப்பம்மா வீட்டுக் கோழியைத் துரத்தியது.

"நான் பெருக்குன ஊட்ல தூங்கலாம், நான் தேச்ச தட்டுல துன்னலாம், என் கால் பட்ட தண்ணி மட்டும் ஆவாதா? நான் இன்னா சொறி புட்ச்ச நாயா?"

எத்திராஜ் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தவன், கேட்டுவிட்டுத் துணியை வீசினான். "அட்த்த வாரத்துலேந்து ஐஸு கட். அவனுங்க பல்லு இளிக்கறதப் பாத்துகினு நானும் சொமந்துகினு போறேன், த்தூ."

"இப்போ நிறுத்தாத. நிறுத்தினா வவுத்தெரிச்சல்னு சொல்லுவாங்க. நான் மொதல்ல கேக்கணும்."

திங்கட்கிழமை பவ்யா வீட்டுச் சமையலறையில் குழாயை மூடிவிட்டுக் கேட்டாள். "யாரு பாப்பா வோணாம்னு சொன்னது?"

பவ்யா காபியைக் கீழே வைத்தாள். "நான் இல்லக்கா. சத்தியமா எனக்கு ஒண்ணும் இல்ல. சில பேரு..."

"இன்னா சொன்னாங்க அந்தச் சில பேரு?"

"ஹைஜீன்... அதாவது, மீன் வாடை வருதுன்னு. தப்பா எடுத்துக்காதீங்க. நான் உங்களுக்காக எவ்ளோ பேசுனேன் தெரியுமா? பக்கெட் ஐடியாவே நான்தான் சொன்னேன். இல்லன்னா உங்களுக்கு ஐஸே கிடைச்சிருக்காது."

பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவது என்பார்களே, அது இதுதான். மீன் வாடையாம்! எத்திராஜ் மீன் விற்கிற வண்டியில் வந்த ஐஸில் இடுப்புவரை உட்காருவார்களாம். மீன்காரன் சாக்கில் சுற்றிய ஐஸ் ஆகும், மீன்காரன் பெண்டாட்டியின் கால் ஆகாதாம். இதைச் சொன்ன அந்தச் சில பேர் யார்? இன்றுவரை யாரும் பார்த்ததில்லை. எந்த ஃப்ளாட்டில் போய் எந்த அநியாயத்தைக் கேட்டாலும் அந்தச் சில பேர்தான் செய்திருப்பார்கள். பேசுகிறவர்கள் எல்லோரும் தங்கக் கம்பிகள்.

கெங்கம்மாள் குழாயைத் திறந்தாள். அன்றைக்குப் பாத்திரம் விழுந்த சத்தம் ஐந்தாவது மாடிக்குக் கேட்டது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆவடியில் பெரிய ஓட்டம். இருபத்தொரு கிலோமீட்டர். எங்கெங்கிருந்தோ ஆட்கள் வருகிறார்கள். பெண்களில் மூன்று பேர் சேர்ந்து ஒரு குழுவாக ஓடினால் கோப்பை என்று சரவணக்குமார் பவ்யாவையும், இன்னொரு பெண்ணையும், கெங்கம்மாளையும் சேர்த்துப் பெயர் கொடுத்திருந்தான். போகவேண்டாம் என்றான் எத்திராஜ். குப்பம்மாவும் அதையேதான் சொன்னாள்.

"ஓட்டம் அவங்க அப்பன் ஊட்டுதா?" என்றாள் கெங்கம்மாள். "என் காலு. நான் ஓடுவேன்."

ஓடினாள். அன்றைக்கு அவள் ஓடியதை எத்திராஜ் ரோட்டோரம் வண்டியில் உட்கார்ந்து பார்த்தான். "சாமி வந்தவ மாதிரி போனா நைனா" என்று இன்றைக்கும் மீன் வாங்க வருகிறவர்களிடம் சொல்கிறான். கடைசித் தூரத்தில் ஆடுசதை இழுத்துப் பிடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, "சில பேரு, சில பேரு" என்று ஒவ்வொரு காலடிக்கும் சொல்லிச் சொல்லி மிதித்துக்கொண்டு வந்தாள். அவள் கூட்டத்தில் பவ்யாவும் இன்னும் சிலரும் பாதித் தூரத்து ஓட்டத்துக்கு மாறிக்கொண்டு முன்பே முடித்திருந்தார்கள். கோப்பையைக் காற்றில் விட்டாயிற்று. அதை அவளிடம் சொல்லவேண்டும் என்றுகூட யாருக்கும் தோன்றவில்லை.

மைதானத்தின் ஓரத்தில் ஓடி முடித்தவர்களுக்கென்று தார்ப்பாயில் நீளமாக ஒரு தொட்டி கட்டி ஐஸைக் கொட்டியிருந்தார்கள். ஊர்ப்பட்ட ஜனம் அதில் உட்கார்ந்திருந்தது. மீசை வைத்த போலீஸ்காரர் ஒருவர். தொப்பையோடு ஒருவர். கட்டைவிரல் நகம் பெயர்ந்து ரத்தம் வழிகிற காலை அப்படியே உள்ளே விட்டுக்கொண்டு ஒருவர். அந்த ரத்தக் காலுக்குப் பக்கத்தில், தோள் உரச, நம்முடைய பவ்யா! முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. கெங்கம்மாளைப் பார்த்ததும் கை தட்டிக் கூப்பிட்டாள்.

"அக்கா! சூப்பர்க்கா! வாங்க, இங்க இடம் இருக்கு, பக்கத்துல வாங்க!"

கெங்கம்மாள் நின்றாள். கூப்பிடுகிறாளே, எவ்வளவு சுலபமாகக் கூப்பிடுகிறாள்! நூம்பலில் இல்லாத இடம் ஆவடியில் எங்கிருந்து வந்தது? ஷூவைக் கழற்றினாள். பாதத்தைக் கழுவினாள். இறங்கி, பவ்யாவுக்கும் ரத்தக் காலுக்கும் நடுவில் இரண்டு காலையும் நீட்டி உட்கார்ந்தாள். குளிர் எலும்பில் இறங்கியது. அவள் கூச்சல் போடவில்லை.

அதற்குள் சரவணக்குமார் போனைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தான். "அக்கா, அப்படியே இருங்க! பவ்யா, அக்கா தோள்ல கையப் போடுங்க. ஒரே தொட்டி, ஒரே டீம்னு போடலாம். செம்மையா இருக்கும்."

"இரு தம்பி" என்றாள் கெங்கம்மாள். "பக்கெட்டு எங்க?"

"எந்த பக்கெட்க்கா?"

"மோட்டார் ரூமாண்ட எனுக்குனு வெச்சீங்களே, பெயிண்ட் பக்கெட்டு. அத்தக் கொண்டா. அவங்க இதுல ஒக்காரட்டும், நான் அதுல ஒத்தக் கால்ல நிக்கறேன். அப்போ எடு போட்டோ. அப்பதான ஊருக்கு நெசம் தெரியும்?"

போலீஸ்காரர் திரும்பி, "என்னம்மா பக்கெட்?" என்றார்.

"இந்தப் பாப்பா ஊட்லதான் சார் நான் வேலை செய்யறேன். இவங்க ஒக்கார்ற தொட்டிக்கு ஐஸ் கொண்டாறது என் புருசன். ஒடைக்கறது நானு. கால் வெக்க மட்டும் எனுக்குத் தனி பக்கெட்டு. மீன் வாடையாம்."

ரத்தக் கால்காரர், "அடப்பாவிங்களா" என்றார்.

பவ்யாவின் கண் நிறைந்துவிட்டது. "அக்கா, ப்ளீஸ். இங்க வேணாம். வீட்ல பேசிக்கலாம்."

"ஊட்லதான பாப்பா கேட்டேன்? சில பேருன்ன. இங்க அந்தச் சில பேரு இல்லியா? நீ மட்டும்தான் கீறியா? அப்போ இப்ப சொல்லு. என் கால்ல வாடை வருதா?"

பவ்யா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு சரவணக்குமார் மெல்ல நழுவினான். கெங்கம்மாள் தன் நேரம் முடிகிறவரை அசையாமல் உட்கார்ந்திருந்தாள். எழுந்துபோனது பவ்யாதான்.

மறுநாள் போனில் பவ்யாவின் சேதி வந்தது. "அக்கா, நான் ஊருக்குப் போறேன். கொஞ்ச நாள் வர வேணாம்." ஊருக்குப் போனவளின் கார் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தது. மன்னிப்புக் கேட்க வாய் வராது, பொய் சொல்ல மட்டும் வரும். கெங்கம்மாள் அந்தப் பழைய ஷூவைக் கழுவி, காயவைத்து, வாட்ச்மேனிடம் கொடுத்து அனுப்பினாள். பக்கத்துத் தெரு ஃப்ளாட்டில் வேறு வீடு பிடித்துக்கொண்டாள்.

அடுத்த ஞாயிறு விடியற்காலையில் எத்திராஜின் வண்டி ஃப்ளாட் வாசலில் நிற்கவில்லை. சரவணக்குமார் போன் போட்டான். "அண்ணா, ஐஸ் என்னாச்சு?"

"ஐஸ் கீது சார்" என்றான் எத்திராஜ். "மீனுக்குக் கீது."

கெங்கம்மாள் அன்றைக்கும் ஓடினாள். தனியாக, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, ஏரிப் பக்கம் போய்த் திரும்பினாள். வீட்டு வாசலில் மூடி உடைந்துபோன பெரிய ஐஸ் பெட்டியை எத்திராஜ் தேய்த்துக் கழுவி, தண்ணீர் ஊற்றி, ஐஸை உடைத்துப் போட்டு வைத்திருந்தான். பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, முழங்கால்வரை இரண்டு காலையும் உள்ளே விட்டாள். "ஐயோ, எம்மாடி!" என்று தெருவே திரும்பும்படி கத்தினாள்.

குப்பம்மா வந்து எட்டிப் பார்த்தாள். செம்பரம்பாக்கத்தில் ஒரு கிடங்கில் நாளெல்லாம் நின்றுகொண்டே பெட்டி பிரிக்கிறவள். காலில் நரம்பு சுருட்டிக்கொண்டு நீலமாக நிற்கும். தயங்கித் தயங்கிக் கேட்டாள். "நெசமாவே வலி போவுதாடி? நான் ஓடலியே, எனுக்குக் கேக்குமா? உன்னுது முட்ஞ்சதும் அந்தத் தண்ணிய ஒரு குண்டான்ல மொண்டு குடு. நான் ஓரமா வெச்சிக்கறேன்."

கெங்கம்மாளுக்குக் கண்ணில் நெருப்புப் பறந்தது. ஓரமாம்! யார் சொல்லிக்கொடுத்தார்கள் இவளுக்கு இந்த வார்த்தையை?

"ஏன்டி, நீ இன்னாத்துக்கு ஓரமா வெக்கணும்?" என்று பாய்ந்தாள். "நாற்காலிய இஸ்துப் போடு. கால கயுவு, நானும் கயுவிகினுதான் எறங்கனேன். எறங்குடி. ஒரு காலு இல்ல, ரெண்டு காலையும் வை."

குப்பம்மா காலைக் கழுவிவிட்டு வந்து, எதிரே உட்கார்ந்து, ஒரு காலை வைத்துப் பார்த்துவிட்டு, மற்றக் காலையும் உள்ளே வைத்தாள்.